பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள்

திரையை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்தேன். முதல் வரிசையில், சரியாக நடுவில், தாணே அத்தை உட்கார்ந்திருந்தாள். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த பட்டுப் புடவை. மடியில் ஒரு தாம்பாளம். அதில் ஆறு ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, நடுவில் மஞ்சள் பூசிய தேங்காய்.

நான் மேடைக்குப் பின்னால் வயலினோடு நின்றுகொண்டிருந்தேன். இசைப் பட்டப்படிப்பின் கடைசி வருடக் கச்சேரித் தேர்வு. இன்னும் கால் மணி நேரத்தில் மேடையேற வேண்டும். தேர்வுக்கு எதற்குத் தேங்காய் என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது வரிசையில் சுனாபட்டியில் இருக்கும் பெரியப்பா பன்னீர்ச் செம்போடு நின்று, வருகிறவர்கள் மேலெல்லாம் தெளித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் வெளித் தேர்வாளர். எனக்கு மதிப்பெண் போடுவதற்கென்றே கல்கத்தாவிலிருந்து விமானத்தில் வந்தவர். மூக்குக்கண்ணாடியில் விழுந்த பன்னீரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் சந்தனம் இருந்தது. யாரோ வாசலிலேயே மடக்கி வைத்துவிட்டிருக்கிறார்கள்.

எண்பது நாற்காலி போட்ட அரங்கம் அது. மாணவர் கச்சேரிக்கு முப்பது பேர் வந்தாலே எங்கள் துறையில் பெருமையாகப் பேசுவார்கள். அன்றைக்குச் சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். மல்லிகைப்பூ வாசனை திரையைத் தாண்டி வந்தது.

எனக்குத் துணையாகப் பியானோ வாசிக்க வேண்டிய நிகிலும் எட்டிப் பார்த்தான். தாதரில் இருந்து வரும் மராத்திப் பையன், என் வகுப்புதான். "பேச்சி, உங்க ஆளுங்களுக்குப் பியானோ இவ்வளவு பிடிக்குமா?" என்று ஹிந்தியில் கேட்டான்.

எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் பியானோவை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை.

இந்த வாரத் தொடரை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து அம்மா வாராவாரம் போன் போட்டு ஒன்றையே கேட்கிறாள்: "அந்தப் புதன்கிழமைய எப்ப எழுதப்போறேட்டி?" நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள், எல்லாருக்கும் வாயும் நீளம். என்ன ஆனாலும் ஆகட்டும், இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

கேக்குக்காகப் போனவள்

தாராவியில் பிறந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண், பேச்சியம்மாள் என்று பேர் வைத்துக்கொண்டு, மேற்கத்திய வயலின் படித்தது எப்படி என்று புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் கேட்கலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் தெருமுனைத் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்தார்கள். நான் கேக்குக்காகப் போனேன். ஒரு வருடத்தில் கேக்கை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் வயலின் என்னைப் பிடித்துக்கொண்டது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் இசைப் பட்டப்படிப்பு என்றேன். வீட்டில் யுத்தம். தாணே அத்தையை வரவழைத்தார்கள்.

அத்தை அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பத்தின் உயர் நீதிமன்றம். அவள் கைப்பையில் மூன்று பொருள்கள் எப்போதும் இருக்கும்: பிரஷர் மாத்திரை, சீப்பு, யாராவது ஒரு பையனுடைய ஜாதகம். அன்றைக்கும் இருந்தது. டீ குடித்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"மூணு வருசம். ஒழுங்கா பாஸாயிட்டாள்னா அப்புறம் அவ இஷ்டம், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஒரு மட்டம் ஃபெயிலானாலும் நான் பாத்த மாப்பிள்ளை. பெறவு ஆரும் பேச்சு மாறக்கூடாது, ஆமா."

அப்பா தலையாட்டினார். அம்மா தலையாட்டினாள். என்னை யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் நானும் ஆட்டிவைத்தேன்.

மூன்று வருடம் ஓடியே போய்விட்டது. கடைசிக் கச்சேரிக்கு இரண்டு வழி இருந்தது. பழைய மேதைகள் எழுதியதை வாசிக்கலாம். ஒழுங்காக வாசித்தால் பாஸ், சந்தேகமே கிடையாது. அல்லது பாதி நேரத்துக்குச் சொந்தமாக எழுதியதை வாசிக்கலாம். அது தேர்வாளருக்குப் பிடிக்காமல் போனால் போச்சு, அடுத்த வருடம் மறுபடி.

நான் சொந்தமாக எழுதியிருந்தேன். வயலினுக்கும் பியானோவுக்குமாக மூன்று பகுதி. இரண்டாவது பகுதியின் முடிவில் சத்தம் உச்சத்துக்குப் போய் சட்டென்று நின்றுவிடும். பத்து எண்ணும் வரை முழு மௌனம். பிறகு வயலின் மட்டும் ஒரு சுரத்தையும் அதை ஒட்டிய சுரத்தையும் மாற்றி மாற்றி, வேகமாக நடுக்கிக்கொண்டே நீளமாக இழுக்கும். அதில்தான் மூன்றாவது பகுதி பிறக்கும்.

எங்கள் பேராசிரியை அந்த இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். "இவ்வளவு நேரம் யாரும் ஒரு நடுக்கத்தை இழுப்பதில்லை. எங்கிருந்து பிடித்தாய் இதை? பாதியாகக் குறை" என்றார். எங்கிருந்து பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் குறைக்க மனம் வரவில்லை.

"பாஸாக வேண்டுமென்றால் பழையதை வாசி" என்றார் மேடம் கடைசியாக. அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நானோ பிடிவாதக்காரி. வீட்டில் இதைப் பற்றி மூச்சே விடவில்லை.

நான் தமிழ் படித்த பள்ளிக்கூடம்

அப்பாவுக்குத் தொண்ணூறு அடி ரோட்டில் சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகைதான் பிரதானம். சடங்கு, காதுகுத்து, கடைத் திறப்பு, கருமாதிக் கடிதம் என்று மற்றவையும் உண்டு. தாராவி, சயான், செம்பூர் வரைக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முதல் சேதி அப்பாவுக்குத்தான் வரும்.

நான் படித்தது இங்கிலீஷ் மீடியம். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டது அச்சகத்துச் சுவரில் தொங்கிய மாதிரிப் பத்திரிகைகளில். மற்ற பிள்ளைகள் அணில், ஆடு என்று ஆரம்பித்தபோது நான் 'நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பித்தேன். ஏழு வயதில் எனக்குச் சௌபாக்கியவதி என்று பிழையில்லாமல் எழுத வரும். முட்டை என்று எழுத வராது.

மை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் கலந்த அந்த அறையில், மத்தியானம் இயந்திரத்தை நிறுத்தியதும் ஒரு மணி நேரம் எனக்குக் கிடைக்கும். காகிதக் கட்டுகளுக்கு நடுவில் நின்றுதான் மூன்று வருடம் சாதகம் செய்தேன். அப்பா சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்பார். நன்றாக இருந்தால் ரசம் ஆறிவிடும். அதுதான் அவருடைய விமர்சனம்.

தேர்வுக்கு நிகழ்ச்சி நிரல் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்பது துறையின் விதி. ஒரு தாள், இங்கிலீஷில்: வாசிப்பவர் பேர், எழுதியவர் பேர், பகுதிகள், நேரம். அப்பாவிடம் கொடுத்தேன். ஐம்பது பிரதி அழகாக அடித்துக் கொடுத்தார். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

தேர்வுக்கு முந்தின இரண்டு வாரமும் அப்பாவும் அம்மாவும் தினம் சாயங்காலம் சேர்ந்து வெளியே போனார்கள். "எங்கம்மா போறீய?" என்று கேட்டால், "மிஷினுக்கு ஒரு சாமான் பாக்கணும்" என்பாள் அம்மா. இயந்திரச் சாமான் வாங்க எதற்குப் பட்டுப்புடவை, எதற்குக் குங்குமச் சிமிழ் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு அந்த நடுக்கும் விரலைத் தவிர வேறு எதிலும் புத்தி இல்லை.

மேடைக்குப் பின்னால்

அப்பா பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தார். சரிகைக் கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் சிரிப்பு.

"எப்பா, இவ்வளவு பேர் எதுக்கு வந்திருக்காவ?"

"பத்திரிகை வச்சோம்லா. வராம இருப்பாவளா?"

சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய, ரோஜா நிறத்தில் ஒரு பத்திரிகை.

உச்சியில் பிள்ளையார். அதன்கீழ் பேச்சியம்மன் துணை. 'நிகழும் மங்களகரமான ஆண்டு, புதன்கிழமை, காலை 10.30 மணிக்கு மேல் 12.00 மணிக்குள்.' அது எங்கள் துறை எனக்கு ஒதுக்கிய தேர்வு நேரம். நடுவில், தங்க எழுத்தில், ஒரு பக்கம் செல்வி பேச்சியம்மாள், மறுபக்கம் செல்வன் நிகில். 'தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்தியருள வேண்டுகிறோம்.' அதற்கும் கீழே நல்வரவை விரும்பும் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும். கடைசியில், மழலைகள் சொல்வதுபோல் ஒரு வரி: 'எங்க அக்கா பரீட்சைக்கு மறக்காம வந்துடுங்க!'

இன்னொரு தடவை படித்தேன்.

"எப்பா, இது கல்யாணப் பத்திரிகைல்லா?"

"எல்லாம் மாத்திட்டேன்லா! மணமகள்ங்கிற எடத்துல வயலின்னு போட்டேன். மணமகன்ங்கிற எடத்துல பியானோன்னு போட்டேன், நல்லாப் பாரு. கல்யாணத்துக்குங்கிறத பரீட்சைக்குன்னு மாத்தினேன். இதுல என்ன தப்பு?"

பேருக்குக் கீழே கடுகளவு எழுத்தில் வயலின், பியானோ என்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் பத்திரிகையை யார் படிக்கிறார்கள்? கணவனும் மனைவியுமாக வீட்டு வாசலில் வந்து நின்று, குங்குமம் கொடுத்து, கல்கண்டு கொடுத்து, தட்டில் வைத்துப் பத்திரிகை நீட்டினால், பெண் பேர், பையன் பேர், நாள், மண்டபம், இவ்வளவுதான் பார்ப்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தத் தமிழும் படிக்க வராது, மஞ்சளைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். பரீட்சை என்பதைக் கவனித்த ஒரே ஆள் பெரியப்பா. "அச்சுப்பிழைன்னு நெனச்சேன், தம்பி மனசு சங்கடப்படுமேன்னு சொல்லல" என்று பின்னால் சொன்னார்.

அவர்தான் இன்னொன்றையும் கவனித்திருக்கிறார். புதன்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை குளிகை. குளிகையில் செய்தது திரும்பவும் நடக்கும் என்று எங்களவர்கள் நம்புவார்கள். கல்யாணத்தை யாராவது அந்த நேரத்தில் வைப்பார்களா? ஆகவே இது கல்யாணம் இல்லை, நிச்சயதார்த்தம் என்று பெரியப்பா முடிவுகட்டி, சுனாபட்டி முழுக்கச் சொல்லியும் விட்டார். அதனால்தான் தாம்பாளம், தேங்காய்.

அம்மாவின் கவலை வேறு. அவளுக்கு இது பரீட்சை என்று தெரியும். "குளிகைல பரீட்சை எழுதினா திரும்ப எழுத வேண்டியதாயிருமேட்டி" என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள்.

வெளியே போய் இது பரீட்சைதான் என்று நான் எல்லாருக்கும் சொல்வதற்குள் மேடம் வந்தார். கூட்டத்தைப் பார்த்து அவர் முகம் வெளுத்திருந்தது. "தேர்வாளர் கண்டிப்பானவர். இடையூறு என்றால் நிறுத்திவிட அவருக்கு அதிகாரம் உண்டு. ஒரு செல்போன் அடித்தாலும் போச்சு" என்றார். அப்பாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனாலும் மேடத்தைப் பார்த்துக் கைகூப்பி, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று தமிழிலேயே சொன்னார்.

மணி அடித்தது. நானும் நிகிலும் சேர்ந்தாற்போல் மேடைக்குள் நடந்தோம்.

உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

தலையசைப்பு

முதல் பாதி பழைய மேதைகள். பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு குழந்தை அழுதது, வெளியே கொண்டுபோனார்கள். எங்கள் ஆட்கள் தெருவையே அதிர வைப்பவர்கள், அன்றைக்கு அவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ வடநாட்டு முறை, மந்திரத்துக்குப் பதில் இதை வாசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டதாகச் செம்பூர்க்காரர் ஒருவர் பிறகு சொன்னார்.

பிறகு என்னுடையது. முதல் பகுதி போனது. இரண்டாவது பகுதி ஏறத் தொடங்கியது. இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒரே நொடியில் நிறுத்த வேண்டுமென்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பியானோ பக்கம் திரும்புவேன். அவன் நிமிர்ந்து என் கண்ணைப் பார்ப்பான். நான் தலையசைப்பேன். அவனும் அசைப்பான். அந்த அசைவில் இருவரும் கையை எடுப்போம். இருநூறு தடவை பழகியது.

திரும்பினேன். பார்த்தான். தலையசைத்தேன். அவனும் அசைத்தான். சத்தம் நின்றது.

ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினேன்.

பெண்ணும் பையனும் எல்லார் முன்னாலும் கண்ணோடு கண் பார்த்துச் சம்மதம் சொல்லியாயிற்று. மேளதாளமும் சரியாக அங்கேயே நின்றது. இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்கள்? தாணே அத்தை தாம்பாளத்தைப் பக்கத்து மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். இடது கையை வாய்க்கு மேல் குவித்தாள்.

குலவை எழுந்தது.

அத்தை குலவை போட்டுக் கேட்டிருக்கிறீர்களா? தெருவில் போட்டால் சயான் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவளைத் தொடர்ந்து இருபது பெண்கள். பிறகு ஐம்பது. பெரியப்பா பழக்கதோஷத்தில் "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார். மேளம் எங்கே இருக்கிறது? நாலா பக்கத்திலிருந்தும் மஞ்சள் அரிசி பறந்து வந்தது. என் தலையில், நிகிலின் சட்டைக் காலரில், பியானோக் கட்டைகளின் இடுக்கில். அவன் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மூன்று வருடம், தேவாலயம், அச்சகத்து மத்தியானங்கள், எல்லாம். அத்தையின் கைப்பைக்குள் இருக்கும் முகம் தெரியாத அந்தப் பையன் எனக்குக் கை காட்டுவதுபோல் இருந்தது. தேர்வாளரைப் பார்க்கத் துணியவில்லை.

பத்து எண்ணிக்கை எப்போதோ தாண்டிவிட்டது. குலவை நிற்கவில்லை. அந்தச் சத்தம் முகத்தில் வந்து மோதிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு சுரம், அதை ஒட்டிய சுரம், மாறி மாறி, வேகமாக, நீளமாக, நடுங்கிக்கொண்டே. மேடம் சிவப்பில் வட்டம் போட்ட இடம்! நான் பிறந்ததிலிருந்து அச்சகத்து வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணம் ஒன்று விடாமல் போய், பெண்கள் நடுவில் உட்கார்ந்து கேட்ட சத்தம் அது. அதைத்தான் என் சொந்தக் கற்பனை என்று நினைத்து எழுதி வைத்திருக்கிறேன்.

வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வில்லைத் தந்தியில் வைத்தேன். அத்தைக்கு மூச்சு இறங்குகிற இடத்தில் நான் நுழைந்தேன். அவள் விட்டதை வயலின் எடுத்துக்கொண்டது. பெண்கள் ஒவ்வொருவராக அடங்க, என் விரல் மட்டும் மிஞ்சியது. நிகில் கட்டைகள் மேலிருந்த அரிசியைப் புறங்கையால் தள்ளிவிட்டு, சரியான இடத்தில் வந்து சேர்ந்தான்.

வயலினுக்குள் ஏதோ கிலுகிலுத்தது. துளை வழியாக ஓர் அரிசி உள்ளே போயிருந்தது. மூன்றாவது பகுதி முழுவதும் அதோடுதான் வாசித்தேன்.

ஒரு பென்சில்

கச்சேரி முடிந்ததும் தேர்வாளர் பக்கத்து அறையில் கேள்வி கேட்பார். மேஜையில் நான் எழுதிய இசைத்தாள் விரித்திருந்தது. அவர் நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது.

"இந்த இடத்தில் மௌனம் என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டது மௌனம் இல்லையே?" என்றார்.

மேடம் முந்திக்கொண்டார். "எதிர்பாராத இடையூறு சார். இவள் மேல் தப்பில்லை. அடுத்த வாரம் பூட்டிய அரங்கில் இன்னொரு முறை வாசிக்க அனுமதியுங்கள்." என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

கதவுக் கண்ணாடி வழியாக அரங்கம் தெரிந்தது. எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். அப்பா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, நாற்காலிகளுக்கு அடியில் கிடந்த அரிசியை விரலால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். யாரோ அவருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் என்று அந்த முதுகைப் பார்த்தே தெரிந்தது.

"இடையூறு இல்லை சார்" என்றேன். "நான் எழுதவில்லை, உண்மைதான். ஆனால் எழுதியிருக்க வேண்டும். அதற்கு அடுத்து வயலின் வாசிப்பது அந்தச் சத்தத்தைத்தான். இன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது."

"அப்படியானால் மறுபடி வாசிக்க வாய்ப்புக் கிடையாது. இன்றைக்குக் கேட்டதற்குத்தான் மதிப்பெண். சம்மதமா?"

மேடம் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார்.

"சம்மதம் சார்."

அவர் ஒரு பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டார். "அப்படியென்றால் எழுது. யார், எத்தனை பேர், எவ்வளவு நேரம்? தாளில் இல்லாததை இன்னொருவர் எப்படி வாசிப்பார்?"

யார் என்று எழுதினேன். எத்தனை பேர் என்று எழுதினேன். எவ்வளவு நேரம் என்பதில் நின்றுவிட்டேன்.

"தெரியாதா? தெரிந்தவரைக் கேட்டுவிட்டு வா" என்றார்.

வெளியே ஓடினேன். படிக்கட்டில் அத்தை தனியாக உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவளை அவ்வளவு சின்னதாக நான் பார்த்ததே இல்லை.

"ஏட்டி பேச்சி" என்றாள். "நெசமாவே பரீட்சையாமே. ஆருகிட்டயும் சொல்லாம நீங்களே மாப்பிள்ளை பாத்துட்டியன்னு எனக்கு வயிறு எரிஞ்சுதுட்டி. ஆனாலும் எந் தம்பி மவ விசேசத்துக்கு வாழ்த்தாம இருப்பனா? வாய் நெறைய வாழ்த்துனேன். கடைசில உன் பரீட்சையக் கெடுத்திட்டேனா?"

அவள் கண் கலங்கியிருந்தது. நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன்.

"கெடுக்கல அத்தை. உள்ள ஒரு கேள்வி கேக்காவ, எனக்கு விடை தெரியல. குலவை எவ்வளவு நேரம் போடணும்?"

அத்தை என்னை விநோதமாகப் பார்த்தாள். இதெல்லாம் ஒரு பரீட்சைக் கேள்வியா என்று நினைத்திருப்பாள்.

"என்னட்டி கேள்வி இது? மூச்சு இருக்க மட்டுக்கும்தான்."

திரும்பி ஓடி வந்து அதையே எழுதினேன், தமிழில். தேர்வாளர் அர்த்தம் கேட்டார். சொன்னேன். பென்சிலை வாங்கி அந்த வரிக்கு அடிக்கோடு போட்டார்.

"எங்கள் கல்கத்தாப் பெண்களும் இதைச் செய்வார்கள்" என்றார். "எவ்வளவு நேரம் என்று இத்தனை வயதில் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை."

அதற்குமேல் பிடிகொடுக்கவில்லை. வாசலில் அம்மா கேசரியோடு நின்றாள். கண்டிப்பானவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

குளிகையின் வேலை

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. பாஸ். நல்ல பாஸ்தான். நடுக்கத்தைக் குறைக்கச் சொன்ன மேடமே போன் செய்து கத்தினார்.

நிகிலை நான் கட்டிக்கொண்டேனா என்று சில வாசகர்கள் கேட்கப்போகிறீர்கள். இல்லை. அவன் இப்போது பூனாவில், வேறொரு பெண்ணோடு சந்தோஷமாக இருக்கிறான். அன்றைக்குப் பெரியப்பா அவன் கையில் திணித்த எவர்சில்வர் குடத்தில்தான் அவன் அம்மா இன்றும் தண்ணீர் பிடித்து வைக்கிறாளாம். பியானோ வாசிப்பவர்களுக்குத் தமிழர்கள் குடம் கொடுப்பது வழக்கம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தான்.

வயலினுக்குள் போன அரிசி வெளியே வரவே இல்லை. பழுது பார்ப்பவர் எடுத்துத் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

பெரியப்பா சொன்ன குளிகை மட்டும் பலித்தது. அந்த இசை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மேடையேறிவிட்டது. அடுத்த கச்சேரி செம்பூரில் வந்தபோது அத்தைக்குப் போன் செய்தேன். குலவைக்கு ஆள் வேண்டும் என்றேன்.

"போன்ல கூப்பிட்டா வருவனா? மொறையா பத்திரிகை வைக்கச் சொல்லு உங்க அப்பன" என்றாள்.

அப்பா மறுபடி அச்சடித்தார், இந்தத் தடவை நான் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்த பிறகு. மூன்று பேருமாகத் தாணேக்குப் போய், குங்குமம் கொடுத்து, கல்கண்டு கொடுத்துத் தட்டில் வைத்து நீட்டினோம். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். நல்வரவை விரும்புவோர் பட்டியலில் தன் பேர் இல்லாமல், மேலே, வாசிக்கும் எங்கள் பேருக்குப் பக்கத்தில், குலவை என்ற குறிப்போடு இருந்ததைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து பத்திரிகையை உள்ளே வைத்தாள். மாத்திரை இருந்தது, சீப்பு இருந்தது, புதிதாக ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது.

"ஜாதகம் ஒண்ணையும் காணுமே அத்தை?" என்றேன்.

"அதுக்கு இதுல எடம் எங்கட்டி இருக்கு?" என்றாள். "அட்சதை வைக்கவே பத்தல."